திறந்தவெளி டெஸ்ட் பெஞ்ச்: தேர்ந்தெடுப்பதும் அமைப்பதும்

கம்ப்யூட்டரை ஆன் செய்தால் மின்விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. சர்வீஸ் கடைகளுக்கு அடிக்கடி வரும் இந்த ‘டிஸ்ப்ளே இல்லை’ புகாருக்குக் காரணம் ராம் (RAM) என்ற நினைவகப் பட்டையாக இருக்கலாம். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு என எதுவாகவும் இருக்கலாம். மதர்போர்டின் அடியில் உரசிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூவாகக்கூட இருக்கலாம். கேபினெட்டுக்குள் வைத்தே இதைக் கண்டுபிடிக்கப் புகுந்தால், ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாட்டுவதிலேயே பொழுது போய்விடும். அந்த அலுப்பில் பலர் ஒரே மூச்சில் இரண்டு மூன்று பாகங்களை மாற்றிவிடுகிறார்கள். இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். எது கெட்டிருந்தது என்பது தெரியாமலே போய்விடும். நல்ல பாகம் ஒன்று குப்பைக்குப் போவதும், வாடிக்கையாளர் தேவையில்லாமல் பணம் கொடுப்பதும் இப்படித்தான் நடக்கின்றன.

திறந்தவெளி டெஸ்ட் பெஞ்ச் இந்த அலுப்பைத் தீர்க்கிறது. மதர்போர்டைப் படுக்கை வசத்தில் தாங்கும் ஒரு தட்டு, அதன் அடியிலோ பக்கத்திலோ எஸ்எம்பிஎஸ் வைக்க ஓர் இடம், கிராபிக்ஸ் கார்டு சாயாமல் பிடிக்க ஒரு சட்டம். அவ்வளவுதான் அதன் உடல். பக்கச் சுவர் இல்லை, மூடி இல்லை. எந்தப் பாகத்தையும் சில விநாடிகளில் தொட்டு எடுக்கலாம் என்பதால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை நமக்குத் தானாகவே வந்துவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை டெஸ்ட் பெஞ்சின் பயன் முழுவதும் இந்த ஒரு பழக்கத்தில் இருக்கிறது. எதை வாங்குவது, எப்படி அமைப்பது என்ற கேள்விகளுக்கும் இதை வைத்தே விடை காணலாம்.

யாருக்கு வேண்டும்

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தனக்கென ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக்கொள்பவருக்கு இது தேவையில்லை. புதிய மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியே அவருக்குப் போதும். பெட்டியை மூடி அதன் மேல் போர்டை வைத்து, பிராசசர், கூலர், ஒரு ராம் பொருத்தி, ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேபினெட்டுக்குள் ஏற்றிவிடலாம்.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். போர்டைச் சுற்றி வந்த பளபளப்பான ஆன்டிஸ்டேட்டிக் (நிலைமின்சாரம் தடுக்கும்) உறையின் மேல் வைத்து ஓட்டக் கூடாது. அந்த உறையின் மேற்பரப்பு ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். அடுத்தது, கிராபிக்ஸ் கார்டு பொருத்துவதாக இருந்தால் போர்டின் பின்விளிம்பு பெட்டியின் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். கார்டின் முனையில் உள்ள உலோகப் பட்டையின் நுனி, போர்டின் மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் நீண்டிருக்கும். போர்டு பெட்டியின் நடுவில் இருந்தால் அந்த நுனி அட்டையில் இடித்து, கார்டை ஸ்லாட்டுக்குள் முழுவதும் இறங்க விடாது. பார்வைக்கு உட்கார்ந்ததுபோலத்தான் இருக்கும், டிஸ்ப்ளே வராது. நல்ல கார்டு ‘போய்விட்டது’ என்று முடிவு கட்ட இந்தச் சின்ன இடிப்பு போதும்.

சர்வீஸ் செய்பவர்கள், பழைய பாகங்களை வாங்கி விற்பவர்கள், பாகங்களை ஒப்பிட்டு விமர்சனம் எழுதுபவர்கள், பாகங்களை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக் செய்பவர்கள், வன்பொருள் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்குப் பெஞ்ச் உண்மையாகவே உதவும். சென்னை ரிச்சி தெருவில் பழைய ராமும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கி வருபவர், வீட்டில் ஒரு பெஞ்ச் வைத்திருந்தால், திருப்பிக் கொடுக்க வாய்ப்பு இருக்கும்போதே பொருளைச் சோதித்துவிடலாம்.

எதைப் பார்த்து வாங்குவது

முதலில் அளவு. இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவுதான் இன்றும் அடிப்படை: 305 × 244 மில்லிமீட்டர். மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. ஏடிஎக்ஸ் தாங்கும் தட்டு மற்ற இரண்டையும் தாங்கும், ஏனென்றால் துளைகளின் இடங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படியே வகுக்கப்பட்டிருக்கின்றன. இ-ஏடிஎக்ஸ் போர்டு அகலமானது. அது கையில் வரும் வாய்ப்பு இருந்தால் மட்டும் அகலமான தட்டைத் தேடுங்கள்.

அடுத்து, தட்டில் பிராசசருக்கு நேர் கீழே பெரிய திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல கூலர்களுக்குப் போர்டின் அடிப்பக்கம் ஒரு பின்தகடு வைத்து இறுக்க வேண்டும். திறப்பு இல்லாத தட்டில் கூலரை மாற்றும் ஒவ்வொரு முறையும் போர்டையே கழற்ற வேண்டிவரும். விலை குறைந்த அக்ரிலிக் பெஞ்சுகள் சிலவற்றில் இந்தத் திறப்பு இருக்காது. படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் விளம்பரப் படத்தில் அந்த இடத்தைப் போர்டு மறைத்திருக்கும். காலியான தட்டின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மூன்றாவது, கிராபிக்ஸ் கார்டைப் பிடிக்கும் சட்டம். போர்டு படுத்திருப்பதால் கார்டு செங்குத்தாக நிற்கும். கேபினெட்டில் ஏற்படுவதுபோல் நுனி தொங்கிப்போகாது; இது ஒரு நன்மை. ஆனால் பக்கவாட்டில் ஆடும். மானிட்டர் கேபிளை யாராவது கால் தடுக்கி இழுத்தால், அந்த இழுப்பு முழுவதும் ஸ்லாட்டின் மேல் விழும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள கார்டுகள் இன்று சாதாரணம். எனவே கார்டின் பட்டையை ஸ்க்ரூ போட்டு நிறுத்த ஓர் உறுதியான சட்டம் கட்டாயம் வேண்டும்.

அலுமினியம், எஃகு, அக்ரிலிக், பிளைவுட் என்று பல பொருள்களில் பெஞ்ச் செய்கிறார்கள். அலுமினியம் எடை குறைவு, துருப்பிடிக்காது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்களுக்கு இதையே சொல்வேன். எஃகுக்குப் பவுடர் கோட்டிங் நன்றாக இருக்க வேண்டும். அக்ரிலிக் அழகாக இருக்கும், ஆனால் ஸ்க்ரூவை இறுக்கும் இடத்தில் விரிசல் விடும். துணியால் துடைத்தால் நிலைமின்சாரமும் ஏறும். ஸ்ட்ரீகாம் நிறுவனத்தின் பிசி1 (BC1) அலுமினியத்தில் வெட்டப்பட்ட, மெல்லிய, எளிய அமைப்பு. தெர்மால்டேக் கோர் பி3-ஐப் படுக்கவைக்கலாம், நிறுத்தலாம், சுவரிலும் மாட்டலாம். கூலர் மாஸ்டரின் மாஸ்டர்ஃப்ரேம் 700 தேவைப்பட்டால் பெஞ்ச், இல்லாவிட்டால் காட்சிக்கு வைக்கும் கேபினெட் என்று இரண்டுமாக மாறும். பின்னவை இரண்டும் பெரியவை, கனமானவை. மேசையில் இடம் குறைவாக இருப்பவர்கள் பிசி1 போன்ற எளிய அமைப்பைப் பார்ப்பது நல்லது.

கிரிப்டோ மைனிங்குக்குப் பயன்பட்ட சட்டங்கள் பழைய பொருளின் விலைக்குக் கிடைக்கும். 2022 செப்டம்பரில் ஈத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும் இவை பல இடங்களில் வேலையற்று நின்றன. பல கார்டுகளை உயரத்தில் வரிசையாக அடுக்கி, ரைசர் என்ற நீட்டிப்புக் கேபிள் வழியாகப் போர்டோடு இணைப்பதற்காகச் செய்யப்பட்ட சட்டங்கள் அவை. அந்த ரைசர்கள் கார்டுக்கு ஒரே ஒரு பிசிஐஇ தடத்தை, அதாவது தரவு செல்லும் ஒரே ஒரு வழியைத்தான் தரும். அதில் வைத்துக் கார்டின் வேகத்தை அளந்தால் கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. ரைசர் கெட்டதா, கார்டு கெட்டதா என்ற புதுச் சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். வேண்டாம்.

பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைப்பது, பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஏடிஎக்ஸ் கேபினெட். ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, மதர்போர்டு பொருத்தும் தட்டையும் அதோடு சேர்ந்த பின்பக்கச் சட்டத்தையும் தனியே பிரித்துக்கொள்ளலாம். துளைகள் எல்லாம் சரியான இடத்தில் ஏற்கெனவே இருக்கும். கார்டுக்கான சட்டமும் கூடவே வரும். வெட்டிய விளிம்புகளை அரத்தால் ராவி, அடியில் நான்கு ரப்பர் கால்களோ பிளைவுட் பலகையோ வைத்தால் எந்தக் கம்பெனிப் பெஞ்சுக்கும் குறையாத ஒன்று தயார். ராவிய இரும்புத் தூளைத் துளியும் விடாமல் துடைத்தெடுத்த பிறகே போர்டை அதன் அருகில் கொண்டுவர வேண்டும்.

அமைக்கும்போது

முதல் வேலை சுவரில் இருக்கிறது. மூன்று பின் சாக்கெட்டில் எர்த் உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பெயரளவுக்கு மட்டும் இருப்பதுண்டு. எர்த் இல்லாவிட்டால் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக அதன் உலோக உடலில் சிறு கசிவு ஏறும். தொட்டால் சுருக்கென்று இருக்கும். மூடிய கேபினெட்டில் எப்போதாவது உணர்வது, திறந்த உலோகப் பெஞ்சில் கை வைக்கும்போதெல்லாம் நிகழும். தொடும் மனிதருக்கும் சரி, உள்ளே இருக்கும் சிப்புகளுக்கும் சரி, நல்லதல்ல.

எர்த் சரியாக இருந்தால் நிலைமின்சாரத்துக்கும் அதுவே மருந்து. எஸ்எம்பிஎஸ்ஸின் பிளக்கைச் சாக்கெட்டில் செருகி, ஸ்விட்சை அணைத்தே வைத்து, அதன் வர்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் எர்த் இணைப்பு அறுபடுவதில்லை. ஈரப்பதம் மிகுந்த சென்னைக் காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது. இரவெல்லாம் ஏசி ஓடிய அறையில் நிலைமை வேறு. அங்கே மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொள்வது பாதுகாப்பு.

இனி ஸ்டாண்டாஃப். போர்டைத் தட்டிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்த்தி நிறுத்தும் பித்தளைக் கால்கள் இவை. போர்டின் முதுகில் நூற்றுக்கணக்கான ஈய முனைகள் துருத்திக்கொண்டிருக்கும்; உலோகத் தட்டில் அவை பட்டால் ஷார்ட் ஆகும். போர்டை முதலில் தட்டுக்கு மேலே பிடித்து, எந்தெந்தத் துளைகள் பொருந்துகின்றன என்று பாருங்கள். அந்த இடங்களில் மட்டும் ஸ்டாண்டாஃப் இருக்க வேண்டும். முழு ஏடிஎக்ஸ் போர்டுக்குப் பொதுவாக ஒன்பது. கொஞ்சம் அகலம் குறைந்த போர்டுகளில் வலப்பக்க வரிசைத் துளைகளே இருக்காது. முந்தைய போர்டுக்குப் போட்ட ஸ்டாண்டாஃப் அங்கே மிச்சமிருந்தால், அது நேராகப் போய் ஈய முனைகளில் முட்டும். போர்டுகளை அடிக்கடி மாற்றும் பெஞ்சில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்தே போர்டை இறக்குங்கள். ஸ்க்ரூக்களில் எம்3 அளவும் 6-32 அளவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், மரை வேறு. கையால் சுழற்றும்போது இறங்காத ஸ்க்ரூவை ஸ்க்ரூடிரைவரால் கட்டாயப்படுத்தாதீர்கள்.

பவர் ஸ்விட்ச் தனியாக வைத்துக்கொள்வது பெரிய வசதி. போர்டின் ஓரத்தில் முன்பக்க இணைப்புகளுக்கான பின் கூட்டம் இருக்கும். கையேட்டில் பவர் ஸ்விட்ச் என்று காட்டியிருக்கும் இரண்டு பின்களில் அதை மாட்டினால் போதும், எந்தத் திசையில் மாட்டினாலும் வேலை செய்யும். சிலர் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒரு கணம் தொட்டு ஆன் செய்வார்கள். அதுவும் செல்லும். ஆனால் நுனி வழுக்கிப் பக்கத்துப் பின்னில் பட்டால் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிடும், ஸ்விட்ச் மலிவானதுதான். போர்டு பழுதை பீப் ஒலியால் சொல்ல உதவும் சின்ன பஸ்ஸர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம்

குறைந்தபட்சப் பாகங்களோடு தொடங்க வேண்டும்: பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். பிராசசரில் கிராபிக்ஸ் உள்ளடங்கி இருந்தால் கார்டுகூட வேண்டாம். இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் உள்ளடங்கிய கிராபிக்ஸ் கிடையாது, கார்டு அவசியம். நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டில் ஒரே ராம் போடும்போது, பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்தான் சரியான இடம். மதர்போர்டுக்கான 24 பின் கேபிளோடு, பிராசசருக்கான 8 பின் கேபிளையும் மறக்காமல் செருக வேண்டும். அது இல்லாவிட்டாலும் விசிறி சுழலும், விளக்கு எரியும், டிஸ்ப்ளே வராது. புதிய கிராபிக்ஸ் கார்டுகளின் 16 பின் இணைப்பை இடைவெளி தெரியாதபடி முழுவதும் அழுத்துங்கள். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த புதிதில் இந்த இணைப்பு உருகிய நிகழ்வுகள் பேசப்பட்டன. சரியாகச் செருகப்படாதது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆன் செய்ததும் அவசரப்படாதீர்கள். டிடிஆர்5 என்ற வகை ராம் போட்ட போர்டுகள், முக்கியமாக ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 போர்டுகள், முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இதை அறியாதவர் நடுவில் அணைத்துவிட்டு, போர்டு பழுது என்று சொல்லிவிடுவார். பல போர்டுகளில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (இயங்குதளம் தொடங்குவது) என நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில்தான் சோதனை தடைப்பட்டிருக்கிறது. திறந்த பெஞ்சில் இந்த விளக்குகள் கண்ணெதிரே இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துத் தேடியவர்கள் அறிவார்கள்.

டிஸ்ப்ளே வந்தால் அடுத்த பாகத்தைச் சேர்க்கலாம். வரவில்லையென்றால் ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்து, தாளில் குறித்துவிட்டு, பழையதைத் திரும்பப் போட்டு, அடுத்ததை மாற்ற வேண்டும். இதற்கு நல்ல நிலையில் இருப்பதாக நிச்சயமாகத் தெரிந்த பாகங்கள் கைவசம் வேண்டும். ஒரு ராம், ஒரு பழைய சாதாரண கிராபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மேலாக நம்பகமான ஓர் எஸ்எம்பிஎஸ். பெஞ்சுக்கு ஒதுக்கும் பணத்தில் பெரும்பகுதியை எஸ்எம்பிஎஸ்ஸுக்கே கொடுங்கள். அது தடுமாறினால் மற்ற எல்லாப் பாகமும் கெட்டதுபோல் நடிக்கும். கூடவே உபுண்டு போன்ற லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ், ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஏற்றிய இன்னொன்று இருந்தால், வாடிக்கையாளரின் வன்தட்டைத் தொடாமலே பெரும்பாலான சோதனைகளை முடித்துவிடலாம்.

பாகத்தைக் கழற்றும்போது ஒரு விதி. ஷட் டவுன் செய்த பிறகும் போர்டில் 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைத்து, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி, போர்டில் மினுங்கும் கடைசி விளக்கும் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் ராமையோ கார்டையோ தொட வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியை மட்டும் எந்த நிலையிலும் திறக்காதீர்கள். அதன் மின்தேக்கிகள் பிளக்கை எடுத்த பிறகும் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

வெப்ப எண்ணைப் படிப்பது

திறந்த பெஞ்சில் எல்லாமே குளிர்ச்சியாக ஓடும் என்று பொதுவாக நம்புகிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு இது பெரும்பாலும் உண்மை. அது வெளியேற்றும் சூடு தேங்காமல் அறையில் கலந்துவிடுகிறது. ஆனால் கேபினெட்டில் முன்விசிறி உள்ளே இழுத்துப் பின்விசிறி வெளியே தள்ளும் காற்று, போகிற வழியில் ராமையும் எம்.2 எஸ்எஸ்டியையும் பிராசசருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியையும் தடவிக்கொண்டே போகும். பெஞ்சில் அந்த ஓட்டம் கிடையாது. வாட்டர் கூலர் போட்டிருந்தால் விஆர்எம் மேல் காற்றே படாது. நீண்ட நேரம் சோதனை ஓட்டும்போது 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள்.

அறையின் வெப்பநிலையைக் குறிக்காமல் பாகத்தின் வெப்பநிலையை மட்டும் எழுதி வைப்பதில் பயனில்லை. அறை 32 டிகிரியாக இருக்கும்போது பிராசசர் 72-ஐத் தொட்டால், அறையைவிட 40 டிகிரி கூடுதல் என்று எழுதுங்கள். ஏசி போட்டு 24-இல் சோதித்த இன்னொரு நாளோடு ஒப்பிட அந்த 40 தான் உதவும். தலைக்கு மேல் சுழலும் சீலிங் ஃபேன் பெஞ்சின் எண்களை நேராகவே மாற்றும். இரண்டு கூலர்களை ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டு முறையும் அதை அணைத்தே வையுங்கள்.

ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் 7950எக்ஸ் போன்ற பிராசசர்களிடம் இன்னொரு குணம் உண்டு. முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று ஓடும்படி அவை வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. நல்ல கூலர் போட்டாலும் 95, சுமாரான கூலர் போட்டாலும் 95 என்று காட்டலாம். வித்தியாசம் கிளாக் வேகத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றாடக் கம்ப்யூட்டராகப் பெஞ்சையே வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. நம் ஊர் வீடுகளில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. தூசி ஒரு பக்கம் இருக்கட்டும், சூட்டைத் தேடிப் பல்லி வரும், எறும்பு வரும். இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி கிடந்தால் போர்டின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பல கிராபிக்ஸ் கார்டுகளின் விசிறிகள் வேலை இல்லாதபோது நின்றுவிட்டு, திடீரென்று சுழலத் தொடங்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த விசிறி விரல் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. பெஞ்சில் வேலை முடிந்ததும் அணைத்து, சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடி வையுங்கள்.

சோதனை முடிந்த பாகங்கள் கேபினெட்டுக்குள் போகும்போது, பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி வரும் ஐ/ஓ தகட்டை முதலில் மாட்டிவிட வேண்டும். போர்டோடு ஒட்டி வராத தகடு பெஞ்சில் தேவைப்படாததால், அது பெட்டியிலேயே தங்கிவிடும்; எல்லா ஸ்க்ரூவும் இறுக்கிய பிறகுதான் நினைவுக்கு வரும். கேபினெட்டின் ஸ்டாண்டாஃபுகளைப் புதிதாக ஒரு முறை எண்ணுங்கள். பக்கக் கதவை மூடி, பெஞ்சில் ஓட்டிய அதே சோதனையை அதே நேர அளவுக்கு ஓட்டுங்கள். அறை வெப்பநிலையைக் கழித்த பிறகும் பெஞ்சைவிட மிக அதிகமாகச் சூடேறினால் பாகங்களைச் சந்தேகிக்க வேண்டாம். கேபினெட்டின் முன்பக்க வலையிலும் விசிறிகள் திரும்பியிருக்கும் திசையிலும் தேடத் தொடங்குங்கள்.